சுண்ணாம்புக் குகைக்குப் போகும் வழி

காட்பாடியில் என்னோடு மாலை நடைக்கு வரும் நண்பர், மகன் குடும்பத்தோடு அந்தமான் போகிறார். "சார், நீங்க போயிட்டு வந்தவராச்சே. பாரடாங் தீவு பார்க்கவேண்டிய இடம்தானா?" என்று கேட்டார். சட்டென்று "ஆமாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று இங்கே எழுதுகிறேன்.

இடம் அழகானது என்பதில் சந்தேகமே இல்லை. அலையாத்திக் காடுகளுக்கு நடுவே, குறுகிய கடற்கழியில் அரைமணி நேரம் படகில் போகவேண்டும். இருபுறமும் மரக்கிளைகள் தலைக்குமேல் கூடி நிற்கும். இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் சுண்ணாம்புக் குகை. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் வேலை பார்த்த நமக்குச் சுண்ணாம்பு என்றால் தோலில் ரோமம் நீக்கும் தொட்டிதான் ஞாபகம் வரும். அங்கேயோ மழைநீர் பாறையைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக இறங்கி, ஆயிரக்கணக்கான வருடங்களில் விழுது விழுதாகத் தொங்கவிட்டிருக்கிறது. கைபட்டால் விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டி, அது வளர்வதே நின்றுபோகும் என்பதால் தொடக்கூடாது.

பாறையைத் தொடாதே என்கிறோம், சரி. அங்கே போகும் வழியில் என்ன செய்கிறோம்?

போர்ட் பிளேரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கவேண்டும். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர், ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று எச்சரித்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் வண்டிக்குள் எல்லார் கண்ணும் ஜன்னலில்தான். "அதோ, அதோ!" என்று யாரோ கத்தியதும் நானும் எழுந்து எட்டிப் பார்த்தேன். சாலையோரத்தில் ஒரு தாய், இடுப்பில் குழந்தை. அவள் எங்களைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அடுத்தவர் வீட்டு நடுக்கூடத்தில் செருப்புக் காலோடு நடந்த மாதிரி.

ஜாரவாக்கள் மொத்தமே சில நூறு பேர்தான். 1990களின் கடைசியில்தான் வெளியாட்களோடு பழக ஆரம்பித்தார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 1858இல் ஆங்கிலேயர் வந்து குடியேறியபோது ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர், நோயாலும் மற்றக் கேடுகளாலும் அழிந்து இன்று ஐம்பது பேர் சொச்சம்தான். இது தெரிந்த பிறகும் வேடிக்கை பார்க்கப் போகலாமா?

அந்தக் காட்டுக்குள் போகும் சாலையை மூடச்சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. 2013இல் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில வாரங்கள் தடையும் இருந்தது. இன்றும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

நமக்கு இது புதிதல்ல. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் இதே நீதிமன்றம், கேடு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்று சொன்னது. நாடு முழுவதும் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே நம் பாலாறும் கிணறுகளும் கெட்டுவிட்டன. தோல் நமக்குச் சோறு போட்டது, மறுக்கவில்லை. ஆனால் கெட்டபின் வரும் ஞானத்தால் கிணற்றுத் தண்ணீர் இனிப்பாகிவிடாது. பாலாற்றங்கரைக்காரன் ஜாரவா காட்டுச் சாலையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகக்கூடாது என்பது என் கட்சி.

பாரடாங் ஒரு தீவு. கடல் வழியாகவே போய்ச் சேரலாம். பயணிகளை அரசு அந்த வழியில் மட்டும் அனுப்பட்டும். நேரம் கூடுதலாகும், ஆகட்டுமே.

நண்பரிடம் கடைசியில் இதைத்தான் சொன்னேன்: "படகிலேயே நீல் தீவுக்குப் போங்க. கடல் வத்தற நேரம் கேட்டுக்கிட்டு, பாறைமேல நடந்து போனா, இயற்கையா அமைஞ்ச கல் வளைவு இருக்கு. வழுக்கும், பேரன் கையைப் பிடிச்சுக்குங்க."


பாரடாங் குகை எங்கும் போய்விடாது. அந்தச் சாலை மூடப்பட்ட பிறகு பேரன் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.