அங்கே கச்சான், இங்கே அடைமழை



ஜூன் மாதத்தில் ஒரு நாளை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். பேருவளையில் ஓர் உம்மா. அவருடைய மகன் காத்தான்குடியில் திருமணம் முடித்து, அந்த ஊர் வழக்கப்படி மனைவி வீட்டிலேயே இருக்கிறார். பேருவளையில் மூன்று நாட்களாக மழை விடவில்லை. கொடியில் போட்ட துணி காயாமல் மணக்கிறது. பேரப்பிள்ளைகளைக் காண ஆசைப்பட்டு, உம்மா மருமகளுக்குத் தொலைபேசி எடுக்கிறார்.

"மாமி, இஞ்ச கச்சான் காத்து வீசுது. கிணத்துல தண்ணி அடிக்குப் போயிட்டு. சின்னவனுக்குச் சூட்டுக் காய்ச்சல். ஒரு மழையக் கண்ட பிறகு வாறம்" என்கிறாள் மருமகள்.

தொலைபேசியை வைத்ததும் உம்மாவின் முகம் வாடிப் போகிறது. "ஊரே வெள்ளத்துல கிடக்குது, இவ மழையக் காணல்லன்டு சொல்லுறா. வர மனமில்ல, அதுக்கு ஒரு சாட்டு" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக் கவலைப்படுகிறார்.

சகோதரிகளே, இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே நாளில், ஒரே சிறிய தீவில், இரண்டுமே உண்மை.

நமது நாட்டின் அகலம் சுமார் 225 கிலோமீற்றர்தான். ஆனால் நடுவிலே அல்லாஹ் மலைகளை நிறுத்தியிருக்கிறான். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. அது மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து, சுமையை மேற்குப் பக்கத்திலேயே மழையாக இறக்கி விடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரம் இழந்து, இறங்க இறங்கச் சூடேறி, வறண்ட காற்றாகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தார் கச்சான் என்று சொல்வது இதைத்தான். அந்த நாட்களில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டுவதும் உண்டு. ஆகவே பேருவளையை நனைத்த அதே காற்றுத்தான் காத்தான்குடியின் கிணற்றை வற்றச் செய்கிறது.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழாகும். வடகீழ் பருவக்காற்று கிழக்கிலே மாரி மழையைக் கொட்டும். மேற்கிலே வானம் தெளிந்து அதிகாலை குளிரும். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் சில விடியற்காலைகளில் புல்லின்மேல் உறைபனியும் படியும். மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் சில இடங்களுக்கு ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கிடைக்கிறது. மன்னாரிலும் ஹம்பாந்தோட்டைக் கரையிலும் ஆயிரம் மில்லிமீற்றர் கிடைப்பதே அரிது.

2017 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மே மாத இறுதியில், ரமழான் பிறக்கும் வேளையில், களுத்துறை, இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்கள் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கின. இருநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் புத்தளம் பகுதியிலும் குடிதண்ணீருக்கே தட்டுப்பாடு. ஒரு பக்கத்துப் பெண்கள் சமையல் பாத்திரங்களை வெள்ளத்திலிருந்து தூக்கினார்கள். மறு பக்கத்துப் பெண்கள் நோன்புடன் தண்ணீர்க் குடங்களைச் சுமந்தார்கள்.

இங்கே நாம் சிந்திக்க ஒரு விடயம் உண்டு. நமது நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. எனவே நோன்பு இலேசாவதும் கடினமாவதும் பெரும்பாலும் காலநிலையைப் பொறுத்ததே. ரமழான் எப்போதும் ஜூனிலேயே வருமென்றால் கிழக்கிலுள்ள நம் சகோதரிகள் வாழ்நாள் முழுவதும் கச்சானிலேயே நோன்பு நோற்க வேண்டியிருக்கும். ஆனால் பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாட்கள் குறைவு. ஆகவே சுமார் 33 ஆண்டுகளில் ரமழான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்து விடுகிறது. 2030 ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக இரண்டு முறை நோன்பு பிறக்கும், இன்ஷா அல்லாஹ். அப்போது கிழக்கில் மாரி, மேற்கில் இதமான குளிர். சிரமத்தையும் இலேசையும் எல்லா ஊராருக்கும் மாறி மாறிப் பங்கிடும் இந்த ஏற்பாட்டில் எவ்வளவு நீதி இருக்கிறது! காற்றுகளைத் திருப்பி விடுவதையும் மழையை இறக்குவதையும் அல்குர்ஆன் அத்தாட்சிகளாக எடுத்துக்காட்டுவது சும்மாவா?

இதை அறிந்து கொண்டால் குடும்பத்தில் எத்தனையோ மனத்தாங்கல்களைத் தவிர்க்கலாம். கிழக்கில் சம்பந்தம் செய்தவர்கள் திருமண நாளை டிசம்பரில் வைத்துவிட்டு, "பந்தலில் தண்ணீர் ஒழுகியது" என்று பெண் வீட்டாரைக் குறை கூறாதீர்கள். பெரும்போக அறுவடை முடிந்து, கையில் காசும் களஞ்சியத்தில் நெல்லும் இருக்கும் மார்ச் மாதமளவில் வைத்தால் இரு வீட்டாருக்கும் நிம்மதி. பேருவளை, காலிப் பக்கத்துக் கலியாணங்களுக்கு ஜனவரி, பெப்ரவரி நல்லது.

பிள்ளைகளுடன் பயணம் போகும் தாய்மார், புறப்படுமுன் அந்த ஊர்ப் பெண்களிடமே விசாரியுங்கள். ஆகஸ்ட் விடுமுறையில் மட்டக்களப்புக்குப் போவதென்றால் பருத்தி உடுப்பும் போதிய குடிதண்ணீரும் வேண்டும். சிறுவர்களை நண்பகல் வெயிலில் விளையாட விடாதீர்கள். டிசம்பரில் போவதென்றால் குடையுடன் வெள்ளச் செய்தியையும் கேட்டுக்கொண்டு போங்கள். நுவரெலியாவுக்கு எந்த மாதத்திலும் கம்பளி உடுப்பு தேவை. கச்சான் காலத்தில் நோன்பு வந்தால் ஸஹரில் உப்பும் உறைப்பும் குறைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை குடியுங்கள். இப்தாரில் பொரித்ததைவிடக் கஞ்சியும் பழமும் இளநீரும் உடலுக்கு ஆறுதல்.

அந்தப் பேருவளை உம்மாவுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உங்கள் முற்றத்து வானத்தைப் பார்த்து மருமகளின் வார்த்தையை எடை போடாதீர்கள். அடுத்த முறை தொலைபேசி எடுக்கும்போது, "எப்ப வாறீங்க?" என்று கேட்குமுன், "மகள், அங்க காத்து எப்படி? கிணத்துல தண்ணி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் மனம் குளிர்ந்து விடும்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.