ஈந்தவன் பெயர்

ஒரு நாடு வலிமை பெறுந்தோறும் அண்டை நாடுகளின் உள்ளத்தில் ஐயமும் வளர்கிறது. அவ்வையத்தைப் போக்கப் படையும் பணமும் போதா. மொழியும் கலையும் வேண்டும் என்பதை இன்றைய அரசுகள் உணர்ந்துள்ளன. சீனம் 2004இல் சியோல் நகரில் முதல் கன்பூசியஸ் நிறுவனத்தைத் திறந்தது. பின்னர் அவை உலகெங்கும் நூற்றுக்கணக்கில் பெருகின. ஆனால் கல்விக்கூடங்களுக்குள் அரசின் கை நீள்கிறது என்ற ஐயம் எழவே, அமெரிக்காவில் பல மூடப்பட்டன.

இந்தியாவும் அண்மைக் காலமாகத் திருவள்ளுவரைத் தன் பண்பாட்டுத் தூதராக முன்னிறுத்துகிறது. 2023இல் பாப்புவா நியூ கினியில் திருக்குறளின் டோக் பிசின் மொழிபெயர்ப்பைப் பிரதமர் மோடி வெளியிட்டார். சிங்கப்பூரில் திருவள்ளுவர் பண்பாட்டு மையம் அமையும் என 2024இல் அறிவித்தார். தமிழராகிய நாம் மகிழத்தக்க செய்திகளே இவை.

ஆயினும் யாழ்ப்பாணத்து நிகழ்வு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1981இல் எரியூட்டப்பட்டு மீண்டெழுந்த பொது நூலகத்தின் அருகே, இந்திய நிதியுதவியில் ஒரு பண்பாட்டு மையம் எழுந்தது. 2015இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அம்மையம், 2023 பிப்ரவரியில் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டபோது யாழ்ப்பாணம் என்னும் பெயர் விடுபட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே ஊர்ப்பெயர் மீண்டும் முன்னே சேர்க்கப்பட்டது.

அம்மக்களுக்கு வள்ளுவர்மேல் வெறுப்பா? அன்று. திருக்குறளைப் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்த ஆறுமுக நாவலர் பிறந்த மண் அது. போரில் எத்தனையோ இழந்தவர்கள், ஊரின் பெயரையும் ஒரு நன்கொடைக்காக இழக்க விரும்பவில்லை, அவ்வளவே.

கொடையின் இலக்கணத்தை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நாம் வாழும் கொல்லிமலையில், செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி, தன்னைப் புகழக் கேட்டு நாணினான் என்கிறது புறநானூற்றின் 152ஆம் பாடல். பாடியவர் வன்பரணர். அவரே 150ஆம் பாடலில் நள்ளியைப் பாடுகிறார். பசித்து வந்தோர்க்கு ஊன் சுட்டளித்து, ஆரமும் கடகமும் ஈந்த அவன், தன் நாட்டையும் சொல்லவில்லை, பெயரையும் சொல்லவில்லை. வழியில் பிறர் சொல்லித்தான் புலவர் அவனை அறிகிறார்.

நற்பெயர் என்பது ஈந்தவன் எழுதிவைக்கும் பலகையில் இல்லை. பெற்றவர் வழிநெடுகச் சொல்லிச் செல்லும் சொல்லில் இருக்கிறது. வள்ளுவரை உலகுக்கு அனுப்புவோர் வன்பரணரையும் ஒருமுறை படித்துக்கொள்வது நன்று.