ஒத்திகையும் படிப்புதான்

கல்லூரிகளுக்கு நாடகம் பழக்கப் போகிற நம்மில் பலருக்கும் வரும் அழைப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பேராசிரியர் ஒருவர் பேசுவார். அரை மணி நேரத்துக்கு ஒரு நாடகம் வேண்டும். வகுப்பு முடிந்த பிறகே மாணவர்கள் வருவார்கள். தேர்வு நெருங்குவதால் யாரையும் அதிக நேரம் நிறுத்தி வைக்கக் கூடாது. நாமும் போகிறோம். விழாவில் கைதட்டல் கிடைக்கிறது. மறுநாள் பிரதி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அந்த மாணவர்கள் அந்த நாடகத்தால் எதைப் படித்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். இந்தியாவிலும் லிபரல் ஆர்ட்ஸ் என்ற பெயரில் பல்துறைப் படிப்பைத் தரும் பல்கலைக்கழகங்கள் வந்துவிட்டன. நாடகமும் அவற்றின் பாடப் பட்டியலில் இருக்கிறது. நம்மில் சிலர் அங்கே கற்பிக்கவும் செய்கிறோம். ஆகவே அந்தக் கல்விமுறை வேரூன்றிய இடத்தில் நாடகம் என்ன செய்தது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் நான்காண்டு இளங்கலையில் சேர்பவர், வழக்கமாக இரண்டாம் ஆண்டின் இறுதியில்தான் தன் முதன்மைப் பாடத்தை அறிவிப்பார். நாடகத்தையே எடுத்துக்கொண்டாலும், மொத்தப் படிப்பில் அதன் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். மீதியெல்லாம் வரலாறு, உயிரியல், தத்துவம், பிறமொழி என்று போகும். தொழில்முறைப் பட்டமான பி.எஃப்.ஏ.வில் இந்த விகிதம் ஏறக்குறையத் தலைகீழாக இருக்கும். இன்னொன்றும் முக்கியம். துறை தயாரிக்கும் நாடகத்துக்கான நடிகர் தேர்வு பல கல்லூரிகளில் எல்லாத் துறை மாணவர்களுக்கும் திறந்திருக்கும். வேதியியல் படிப்பவள் ஆன்டிகனியாக நிற்கலாம். பொருளாதாரம் படிப்பவன் ஒளியமைப்பைக் கவனிக்கலாம். பல இடங்களில் அந்த உழைப்புக்கு கிரெடிட்டும் உண்டு.

இந்த அமைப்பால் என்ன விளையும் என்பதற்கு ஹாலி ஃபிளானகனின் பணியை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. அயோவா மாநிலத்தின் கிரின்னல் கல்லூரியில் 1911இல் பட்டம் பெற்றவர் அவர். பிறகு ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நடத்திய ‘47 வொர்க்‌ஷாப்’பில் பயின்றார். 1925இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாஸர் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். வாஸர் அன்று பெண்கள் கல்லூரி. அடுத்த ஆண்டே குகன்ஹைம் நல்கையில் ஐரோப்பாவும் ரஷ்யாவும் சென்று, மேயர்ஹோல்ட் உட்படப் பலரின் மேடைப் பணியை நேரில் பார்த்துத் திரும்பினார்.

1927 நவம்பரில் வாஸரில் அவர் செய்ததைப் பாருங்கள். செக்கோவின் ‘திருமணக் கோரிக்கை’ சின்னஞ்சிறு நாடகம். பெண் கேட்க வந்தவன், வந்த காரியத்தைச் சொல்வதற்கு முன்பே ஒரு புல்வெளி யாருடையது என்று சண்டை பிடிக்கிறான்; அது தீர்ந்ததும் நாய்களைப் பற்றி இன்னொரு சண்டை. இந்த ஒரே நாடகத்தை ஒரே மாலையில் மூன்று முறை நடத்தினார் ஃபிளானகன். முதலில் இயல்புநெறியில், அடுத்து வெளிப்பாட்டியல் பாணியில், மூன்றாவதாக மேயர்ஹோல்ட் வழிவந்த கட்டமைப்பியல் பாணியில். வசனமும் கதையும் மாறவில்லை. உடம்பு, குரல், வெளி, பார்வையாளரோடு கொள்ளும் உறவு எல்லாம் மாறின. இயக்குநர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் ஒரு வாதம் என்பதை அந்த மாணவிகள் தம் உடம்பாலேயே தெரிந்துகொண்டார்கள். பாணிகளைப் பற்றி ஒரு பருவம் முழுக்க விரிவுரை நடத்தினாலும் இது கிடைக்காது. இவ்வளவுக்கும் பெரிய அரங்கப் பொருட்செலவு தேவையில்லை. நம் எந்தக் கல்லூரியிலும் அடுத்த மாதமே செய்து பார்க்கலாம்.

அடுத்த அடி இன்னும் பெரியது. 1931 ஜனவரியில் ஆர்கன்சா மாநிலத்தில் வறட்சியால் பட்டினி கிடந்த விவசாயிகள் இங்கிலாந்து என்ற சிற்றூரின் கடைத்தெருவில் திரண்டு உணவு கேட்டார்கள். அதை வைத்து விட்டேக்கர் சாம்பர்ஸ் எழுதிய கதை மார்ச்சில் ‘நியூ மாஸஸ்’ இதழில் வந்தது. ஃபிளானகனும் அவருடைய முன்னாள் மாணவி மார்கரெட் எலன் கிளிஃபோர்டும் அதை நாடகமாக்கினார்கள். ‘அவர்கள் குரல் கேட்கிறதா?’ என்று பொருள்படும் தலைப்போடு மே மாதத் தொடக்கத்தில் வாஸர் மேடையில் ஏறியது. பட்டினி கிடக்கும் விவசாயக் குடும்பம் ஒரு காட்சியில்; மக்கள் பிரதிநிதியின் வீட்டு ஆடம்பர விருந்து மறு காட்சியில்; இடையே திரையில் ஒளிவீச்சாக விழும் செய்திகளும் புள்ளிவிவரங்களும். வசதியான வீட்டுப் பெண்கள் படித்த கல்லூரி அது. தங்களுக்குத் தெரியாத பசியை நடிக்க வேண்டுமானால் அவர்கள் அதைப் பற்றி முதலில் படித்தாக வேண்டும். விளைச்சல், கடன், நிவாரணச் சட்டம் எல்லாம் அங்கே நடிப்புக்குத் தேவையான பாடங்களாகிவிட்டன. பொருளாதார வகுப்பும் ஒத்திகையும் ஒரே கேள்வியைக் கேட்டன.

1935இல் ஹாரி ஹாப்கின்ஸ், ஃபிளானகனை வாஷிங்டனுக்கு அழைத்தார். அவரும் கிரின்னலில் படித்தவர். அரசின் வேலைவாய்ப்புத் திட்டங்களை நடத்தியவர். வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்கான கூட்டாட்சி அரங்கத் திட்டத்தின் பொறுப்பு ஃபிளானகனிடம் வந்தது. உச்சத்தில் ஏறத்தாழ 12,000 பேருக்கு அது வேலை தந்தது. அத்திட்டத்தின் பெயர் சொல்லும் வடிவமான ‘லிவிங் நியூஸ்பேப்பர்’ நாடகங்களில், செய்தி அறை போலவே ஆய்வாளர்கள் தரவு திரட்டினார்கள். அதை மேடைக்கேற்ற காட்சிகளாக்கினார்கள். 1936இல் வந்த ‘டிரிபிள்-ஏ பிளவ்ட் அண்டர்’ விவசாயிகளின் நெருக்கடியைப் பேசியது. வாஸரில் மாணவிகளோடு செய்து பார்த்ததன் வளர்ச்சி அதில் தெளிவாகத் தெரிகிறது. அரசியல் எதிர்ப்பால் 1939 ஜூன் 30இல் அமெரிக்கக் காங்கிரஸ் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆனால் ஆவணத்திலிருந்து நாடகம் கட்டும் முறை நின்றுவிடவில்லை. இன்று நாம் ஆவண அரங்கு என்று செய்வதற்குள்ளும் அந்தச் சோதனை இருக்கிறது.

ஆசிரியர் முன்னின்று நடத்தியது வாஸர். மாணவர்களிடமே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் சான்று. அங்கே ‘செகண்ட் ஸ்டேஜ்’ என்ற அமைப்பை மாணவர்களே நடத்துகிறார்கள். லின்-மனுவல் மிராண்டா இரண்டாம் ஆண்டு மாணவராக இருந்தபோது ‘இன் தி ஹைட்ஸ்’ நாடகத்தை எழுதி அதன் வழியாக மேடையேற்றினார். அதே பல்கலைக்கழகத்தில் முன்பு படித்த தாமஸ் கெயில் பின்னர் இயக்குநராக அவரோடு சேர்ந்தார். 2008இல் அது பிராட்வேக்குப் போய், சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருது பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடகம் வெகுவாக மாறியது. அரைகுறையான முதல் வடிவத்தை அச்சமில்லாமல் காட்ட ஒரு மேடை இருந்ததால்தான் திருத்தி எழுத ஒன்று கிடைத்தது. தமிழர்களுக்கு அந்த வளாகம் அந்நியமும் அல்ல. 1962இல் பாலசரஸ்வதி அங்கே பரதநாட்டியம் கற்பித்தார். அவருடைய தம்பியர் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அங்கே இசை கற்பித்தார்கள். மேடையில் நிற்பவரின் அறிவை நூலறிவுக்கு இணையாக வகுப்பறையில் உட்கார வைத்த இடம் அது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை நாம் மழுப்பக் கூடாது. அடவு பிடிக்கவும் குரலெடுக்கவும் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். கூத்து வாத்தியாரிடம் சிறு வயதிலிருந்து ஆடியவருக்கும், பருவத்துக்கு ஒரு பாடம் எடுத்த மாணவருக்கும் உள்ள தூரம் மேடையில் ஒரு நொடியில் தெரிந்துவிடும். உண்மைதான். லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு நடிப்புப் பள்ளிக்கு மாற்று ஆகாது. முழுநேர நடிகராக விரும்பும் மாணவரிடம் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அது வேறு ஆட்களை உருவாக்குகிறது: பிரதியை ஆழ்ந்து வாசிப்பவர், எழுதுபவர், ஆவணப்படுத்துபவர், நல்ல பார்வையாளர். நம் அரங்கில் நடிகர் பஞ்சத்தைவிட இவர்களின் பஞ்சம்தான் பெரிது.

முறையான பயிற்சியும் பல்கலைக்கழகமும் எதிரிகளும் அல்ல. இலங்கையின் பேராதனை அதைக் காட்டியது. 1956இல் அங்கே எதிரிவீர சரச்சந்திர, தமிழ்க் கூத்தின் வழிவந்த ‘நாடகம்’ என்ற சிங்கள மரபைக் கொண்டு மாணவர்களை வைத்து ‘மனமே’யை உருவாக்கினார். 1960களில் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்து ஆசான்களான அண்ணாவிமாரின் துணையோடு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்ற கூத்துகளை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். விடிய விடிய ஆடுவதைச் சுருக்கியது சரியா, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனது சரியா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் அன்று இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, மட்டக்களப்பில் அதே கூத்தை மறுவாசிப்பு செய்து புதிய தலைமுறையை ஆட வைத்தார். 1985இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தைப் போர்க்கால மக்கள் முன் கொண்டு சென்றார்கள். அவர்களை எவரும் கலைநிகழ்ச்சி நடத்த வந்த மாணவர்களாகப் பார்க்கவில்லை.

இந்த எல்லா இடங்களிலும் ஒரே விஷயம்தான் வேலை செய்தது. நாடகம் போடுவதும் படிப்பதும் தனித்தனி வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை. ஒத்திகை ஓர் ஆய்வுக்கூடம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்கு நேரம் ஒதுக்கினார்கள். அதில் வந்த விடைகளை அறிவாக மதித்தார்கள்.

ஆகவே இந்த இதழின் வாசகர்களான பயிற்றுநர்களிடமும் ஆசிரியர்களிடமும் மூன்று வேண்டுகோள்கள். கல்லூரி அழைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பருவம் கேளுங்கள். முதலில் மறுப்பார்கள். இரண்டு கல்லூரியாவது சம்மதித்தால் மற்றவர்களுக்குக் காட்ட ஓர் உதாரணம் கிடைக்கும். இரண்டாவது, நாடகத் துறையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு தயாரிப்பையாவது வேறொரு துறையோடு சேர்ந்து செய்யுங்கள். நீர்ப் பங்கீடு பற்றிய நாடகத்துக்குப் புவியியல் துறையும், காசநோய் பற்றிய நாடகத்துக்கு மருத்துவக் கல்லூரியும் ஒத்திகை அறைக்குள் வரட்டும். மூன்றாவது, ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாணவர்களை ஒரு குறிப்பேடு எழுத வையுங்கள். எந்தக் காட்சி ஏன் மாறியது, எந்தத் தகவல் எங்கே கிடைத்தது, எது சரியாக வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதைக் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டு வருபவர்கள் மறுபடி ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

கிரெடிட் தருவது நிர்வாகத்தின் கையில் இருக்கலாம். நாடகத்தைப் படிப்பாக நடத்துவது நம் கையில்தான் இருக்கிறது. அதை நாமே அவ்வாறு நடத்தினால்தான் பிறரிடம் கேட்கும் தகுதி நமக்கு வரும்.