லைன் வீட்டில் நடக்கும் மின்சாரக் கொள்ளை

கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் உழைப்பாளி மக்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பகிரங்கமாக ஒரு கொள்ளை நடக்கிறது. சுவரில் ஒரு சப்-மீட்டர், வீட்டுக்காரர் கையில் ஒரு நோட்டு. கொள்ளைக்கு வேண்டிய ஆயுதங்கள் இவ்வளவுதான். கிராமத்தில் கூலி வேலை அற்றுப்போய் மில் வேலைக்கு வந்த குடும்பமும் முதல் மாதமே இதில் சிக்குகிறது.

கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறது. 2016 மே மாதத்தில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பர் 10-ல் வந்த விகிதப்படி, 500 யூனிட்டுக்குள் செலவழித்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு இரண்டேகால் ரூபாய். 400 வரை நாலரை ரூபாய். 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் இரண்டேகால் ரூபாய்ச் சலுகை பறிபோகும்; 101-லிருந்தே நாலரை ரூபாய்; 501 முதல் 600 வரை 8 ரூபாய். 2024 ஜூலையில் விகிதம் மீண்டும் ஏறியது. 2022 விகிதத்தை வைத்தே கணக்குப் போடுவோம்.

ஒரு லைனில் நான்கு குடித்தனம். குடித்தனத்துக்கு 150 யூனிட். தனித்தனி மீட்டர் இருந்தால் 100 யூனிட் இலவசம் போக, மீதி 50 யூனிட்டுக்கு ஆளுக்கு 112 ரூபாய் 50 காசு. நான்கு பேருக்கும் சேர்த்து 450 ரூபாய்.

ஆனால் வாரியத்தின் மீட்டர் ஒன்றே ஒன்று, அதுவும் வீட்டுக்காரர் பெயரில். அதில் 600 யூனிட் ஓடுகிறது. பில் 2,750 ரூபாய்! அதே விளக்கு, அதே விசிறி. 450 ரூபாய் 2,750 ஆகிறது. வீட்டுக்காரர் தர்மவானாக இருந்து சரிசமமாகப் பங்கிட்டாலும் தலைக்கு 687 ரூபாய் 50 காசு.

எத்தனை வீட்டுக்காரர்கள் அப்படிப் பங்கிடுகிறார்கள்? “யூனிட்டுக்கு எட்டு ரூபாய்” என்று ஒருவர் வசூலிப்பதாக வைத்துக்கொள்வோம். குடித்தனத்துக்கு 1,200, மொத்தம் 4,800. வாரியத்துக்குக் கட்டியது போக 2,050 ரூபாய் அவர் மடியில். வாடகைக்கு மேல் இது இன்னொரு வாடகை! உரிமம் இல்லாமல் மின்சார வியாபாரம் செய்வதை 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தடுக்கிறது. லைன் வீட்டு வாசலில் அந்தச் சட்டம் ஏன் நின்றுவிடுகிறது?

“ஏழைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லை” என்று சில கனவான்கள் உபதேசிக்கிறார்கள். சிக்கனத்தை நாம் எதிர்க்கவில்லை. 60 வாட் குண்டு பல்பு தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 22 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு 3 யூனிட்தான். 75 வாட் பழைய விசிறி தினம் பத்து மணி நேரம் சுற்றினால் 45 யூனிட். 28 வாட் புது ரக விசிறிக்கு 17. முடிந்தவர்கள் மாற்றுங்கள். ஆனால் 150 யூனிட்டில் குடும்பம் நடத்துகிறவனிடம் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, விசிறியை நிறுத்து என்று சொல்வது என்ன நியாயம்? உபதேசத்தை நோட்டு வைத்திருப்பவரிடம் போய்ச் சொல்லட்டும்!

இலவச 100 யூனிட் குடும்பத்துக்காகத்தான் அறிவிக்கப்பட்டது. ஒரே மீட்டர் உள்ள லைனில் நான்கு குடும்பத்துக்கும் சேர்ந்தே 100 யூனிட்தான் கிடைக்கிறது. பங்களாவில் தனியாக வாழும் கனவானுக்கோ முழுசாக 100. ஏழைக்கென்று சொன்ன சலுகை ஏழையின் வாசலுக்கு வரவில்லை.

ஆகவே நாம் கேட்கிறோம்: தனி அடுப்பு எரியும் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு கொடு! வாரியமே லைன் லைனாக வந்து கணக்கெடுக்கட்டும். குடியிருப்பவனை வீட்டுப் பத்திரம் கேட்டு அலைக்கழிக்க வேண்டாம். வீட்டுக்காரர் மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும். அதுவரை வாரிய பில்லைக் காட்டி, ஓடிய யூனிட்படி பங்கிட வேண்டும். ஒரு காசு கூடுதல் கூடாது.

தோழர்களே! வாரியம் கணக்கெடுக்கும் நாளில் உங்கள் சப்-மீட்டர் எண்ணை நீங்களே எழுதி வையுங்கள். வாரிய ரசீதைக் கேளுங்கள். இணைப்பு எண் தெரிந்தால் வாரியத்தின் இணையதளத்திலேயே பில் தொகையைப் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளை பார்த்துச் சொல்லும். ஒருவர் தனியாகப் போய்க் கேட்டால் “வீட்டைக் காலி செய்” என்பார். நான்கு குடித்தனமும் ஒரே கணக்கோடு, ஒரே நாளில் போய் நின்றால் அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வராது. பக்கத்து லைனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலிக்குச் சங்கம் கட்டத் தெரிந்த நமக்கு, மீட்டருக்குச் சங்கம் கட்டவும் தெரியும்.