மழைக்காலத்து வீணை

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் வீணைக்கு விடுமுறை கிடைத்துவிடுகிறது. "தொட்டால் சுருதி கலைகிறது, மழை விடட்டும்" என்று உறையிட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். தை பிறந்த பின்னரும் அநேக வீணைகள் அம்மூலையை விட்டு வெளிவருவதில்லை.

சுருதி கலைவது வீணையின் நோயன்று, இயற்கை. பலாமரம் எவ்வளவு உலர்ந்ததாயினும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய மரம் நீளவாட்டில் அதிகம் வளராது, குறுக்குவாட்டிலேயே பருக்கும். குடத்தின் மேற்பலகை சற்று உப்பினால் குதிரை உயரும், தந்தி இறுகும். பிரடை பருத்துத் திரும்ப மறுக்கும். எஃகுத் தந்தி ஈரத்தை உறிஞ்சாது. ஆயினும் குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும், வெப்பத்தில் நீண்டு இறங்கும். காலையில் கூட்டிய சுருதி மாலையில் நில்லாததில் வியப்பென்ன?

பரிகாரம் எளிது. ஈரச்சுவரையும் சாளரத்தையும் விட்டு விலக்கி வீணையை வைக்க வேண்டும். வாசித்தபின் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்தால் துரு அணுகாது. இறுகிய பிரடையை முரட்டுத்தனமாக முறுக்கலாகாது. முதலில் சிறிது தளர்த்தி, பின்னர் உள்நோக்கி அழுத்தியவாறே ஏற்ற வேண்டும். நுண்ணிய பேதத்தை நாகபாசத்தருகே உள்ள லங்கர் வளையங்களால் சரிசெய்யலாம். ஒரு தந்தியின் இழுப்பு மாறினால் மற்றவையும் சற்று நகரும்; ஆதலால் சாரணியில் தொடங்கி அநுமந்தரம் வரை கூட்டியபின் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

ஈரம் போக்குவதாக எண்ணி வெயிலிலோ அடுப்பருகிலோ வைப்பது பெருங்கேடு. இருபத்துநான்கு மெட்டுக்களும் மெழுகின்மேல் நிற்பவை. மெழுகு இளகினால் அவை நிலை பெயரும். தந்திகள் ஒத்திருந்தும் மெட்டில் சுரம் பிசகுமாயின், மேளம் கட்டத் தெரிந்தவரை அழைப்பதே முறை.

கலையாத சுருதியை விரும்பியோர் முன்னாளில் ஹார்மோனியத்தை நாடினர். அதன் கட்டைகளில் கமகம் பிறவாது. 1940-இல் அகில இந்திய வானொலி அதை விலக்கிற்று. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. இன்று மின்சாரச் சுருதிப்பெட்டி வந்துள்ளது. ஆதார ஷட்ஜத்தை அதனிடம் பெறுவதில் குற்றமில்லை. தந்தி அதனோடு இணைந்ததா என்று தீர்ப்பளிக்க வேண்டியது காதுதான்.

அந்தக் காதை வளர்க்க மழைக்காலத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. கலைந்த சுருதியை நாள்தோறும் தானே கூட்டும் குழந்தை, கீர்த்தனம் கற்குமுன்னரே ஷட்ஜ பஞ்சமத்தின் உறவை அறிந்துகொள்கிறது. அதற்குப் பத்து நிமிஷம் போதும். பெற்றோர் பொறுமையின்றி அவ்வேலையைத் தாமே செய்துவிடாமல், அருகிலிருந்து கேட்பார்களாக. வெளியே மழை பெய்துகொண்டிருக்கட்டும்; வீணை மட்டும் மூலைக்குப் போக வேண்டாம்.