பச்சை உடம்புக்காரியின் மீது ஏன் இந்தப் பழி?

பிள்ளை பெற்ற பெண் உறங்கவில்லையென்றால் ஜின். பெற்ற பிள்ளையைத் தூக்க மறுத்தால் சைத்தான். காரணம் சொல்லத் தெரியாமல் அழுதால் ஈமான் குறைவு. ஐம்பதை நெருங்கும் வயதில் எரிந்து விழுந்தால் திமிர். கணவனை இழந்தவள் பேச்சற்று உட்கார்ந்திருந்தால் சபூர் இல்லாதவள். பெண்ணின் மனத்துக்கு வரும் நோய்க்கு நம் வீடுகளில் இத்தனை பெயர்கள் வழங்குகின்றன. நோய் என்ற பெயர் மட்டும் வழங்குவதில்லை! இது என்ன நீதி?

இந்தப் பெயர்களைச் சூட்டியவர் யார் என்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அதில் முதற்பங்கு ஓதியவர்களாகிய நம்மைச் சேரும். ஆகவே பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம்.

2001ஆம் ஆண்டில் நாம் சூரமங்கலத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வந்தோம். சேலம் ஜங்ஷனை ஒட்டிய தெரு ஒன்றில், தலைப்பிள்ளை பெற்றுப் பன்னிரண்டே நாளான ஒரு பெண்ணைப் பார்த்து ஓத நம்மை அழைத்தார்கள். நான்கு இரவுகளாக அவள் கண் மூடவில்லை. தொட்டிலில் கிடப்பது தன் பிள்ளையே அல்ல, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றாள். இரயில் ஊதும்போதெல்லாம் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

நாம் என்ன செய்தோம்? ஓதி ஊதினோம். பீங்கான் தட்டில் எழுதிக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தோம். “ஜின்னின் பார்வை பட்டிருக்கிறது” என்றோம். அது போதாதென்று, “ஏர்வாடிக்குக் கொண்டுபோய் நாற்பத்தொரு நாள் வைத்திருங்கள்” என்று வழியும் சொன்னோம். மருத்துவர் என்ற சொல் நம் நாவில் வரவே இல்லை.

அவர்கள் பயணத்துக்கு மூட்டை கட்டி வைத்திருந்த வேளையில் அந்தச் செய்தி வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். எழுந்து ஓட வழியில்லை. 28 பேர் மாண்டார்கள்.

செய்தியைப் படித்த கையோடு பெண்ணின் அத்தா மூட்டையை அவிழ்த்தார். அண்டை வீட்டிலிருந்த ஒரு நர்ஸம்மாவின் சொல்லைக் கேட்டு மகளை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். மருந்து கிடைத்தது; உறக்கம் திரும்பியது. இரண்டு மாதத்தில் அவள் தன் பிள்ளையைத் தன் கையாலேயே குளிப்பாட்டினாள்.

ஆனால் கணவன் வீட்டார் அவளை அழைத்துக்கொள்ளவில்லை. “ஜின் பிடித்தவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?” என்று ஜமாஅத்தில் முறையிட்டார்கள். “யார் சொன்னது?” என்று முத்தவல்லி கேட்டார். “ஹஜ்ரத்தே சொன்னார்கள்” என்று நம்மைக் கைகாட்டினார்கள். நாம் அந்தச் சபையில்தான் இருந்தோம். சொன்னது தவறு என்று சொல்ல வாய் எழவில்லை. தலாக் எழுதப்பட்டது. நோய் போன பின்பும் நாம் வைத்த பெயர் அவளை விட்டுப் போகவில்லை.

இந்தக் குற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

ஜின்னும் ஜனீனும்

அரபு மொழியில் ஜீம், நூன், நூன் என்னும் வேருக்கு மறைத்தல் என்று பொருள். கண்ணுக்கு மறைந்த படைப்பு ஜின். மரங்கள் மறைத்து நிற்கும் சோலை ஜன்னத். அறிவு மறைக்கப்பட்டவன் மஜ்னூன். தாயின் வயிற்றில் மறைந்திருக்கும் சிசுவுக்கும் அதே வேரிலிருந்துதான் ஜனீன் என்று பெயர் வந்தது. மதரஸாவில் ஓதிய எவருக்கும் இது மனப்பாடம். அப்படியிருந்தும் ஒரு பச்சை உடம்புக்காரி பிதற்றினால் நம் நினைவு ஜின்னிடம் ஓடுகிறது. பத்து மாதம் அவள் சுமந்த ஜனீனிடம் போவதில்லை. அந்தச் சுமை இறங்கியபோது அவள் உடம்பில் என்னென்ன மாறின என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

ஜின் இனம் உண்டு என்பது திருமறை கூறும் உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இன்ன தெருவில் இன்னாருடைய மகளை அது பிடித்திருக்கிறது என்ற செய்தியை நமக்கு அறிவித்தவர் யார்? அறியாததை அறிந்ததாகச் சொல்வது ஓதியவனுக்கு அழகா?

மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பேற்றுக்குப் பின் வரும் மனக்கலக்கத்தை அவர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலாவது, இரண்டு மூன்று நாளில் தோன்றும் அழுகையும் படபடப்பும். தாய்மாரில் பெரும்பாலோருக்கு இது வரும். ஆதரவாக நடந்துகொண்டால் இரண்டு வாரத்துக்குள் தானே விலகும். இரண்டாவது, வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு. உணவில் விருப்பமிராது, பிள்ளையின் மீதும் ஒட்டுதல் இராது, தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணமே ஓங்கி நிற்கும். வளரும் நாடுகளில், கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மேலும், பிள்ளை பெற்றவர்களில் ஏறத்தாழ 20 பேரும் மனநலக் குறைவுக்கு, குறிப்பாக இச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அப்படியானால் நம் தெருவில் பிள்ளை பெற்ற ஐந்து வீடுகளில் ஒன்றில் இது இருக்கக்கூடும். அது எந்த வீடு என்று நமக்குத் தெரியுமா?

மூன்றாவது, சித்தப் பிரமை. ஆயிரம் பேற்றில் ஒன்றிரண்டில் நேர்வது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் திடீரென்று தோன்றும். உறக்கம் அடியோடு போகும். இல்லாத குரல் கேட்கும். பெற்ற பிள்ளையே அந்நியமாகத் தெரியும். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து உண்டாகையால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. உரிய மருத்துவம் செய்தால் பெரும்பாலோர் நலம் பெறுகிறார்கள். நாம் தட்டு எழுதிக் கொடுத்தது இந்த மூன்றாவது நோய்க்கு!

பேறு முடிந்த சில நாட்களில் உடம்பிலுள்ள ஹார்மோன் நீர்கள் மளமளவென்று இறங்குகின்றன. உறக்கக் கேடும் இரத்த இழப்பும் உடன் சேர்கின்றன. சிலருக்குத் தைராய்டு சுரப்பி தடுமாறுகிறது. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ முன்பு இந்நோய் வந்திருந்தால் இவளுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. இதில் அவள் செய்த பாவம் எது?

ஈமானை அளக்க நாம் யார்?

“ஈமான் உறுதியாக இருந்தால் மனம் கலங்குமா?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். திருமறையின் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். உலகத்துப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட அன்னை மர்யம் (அலை) அவர்கள், பேற்று வலியில் பேரீச்ச மரத்தடியில், இதற்குமுன்பே இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கலாகாதா என்று கதறியதை அல்லாஹ் அங்கே பதிவு செய்திருக்கிறான். அந்தக் கதறலுக்கு வந்த மறுமொழி என்ன? கண்டனமா? இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதல் வந்தது. காலடியில் ஓடை வந்தது. உலுக்கினால் உதிரும் கனி வந்தது. உண்டு, பருகி, கண் குளிர்ந்திருக்கச் சொன்னது இறைவாக்கு. ஊராருக்கு விடை சொல்லும் சுமையையும் அவர்களிடமிருந்து இறக்கி, மௌன நோன்பிருக்கச் சொன்னது. நம் வீட்டில் பிள்ளை பெற்றவள் “செத்துப் போகலாம் போலிருக்கிறது” என்றால் நாம் என்ன செய்கிறோம்? வாயில் அடிக்கிறோம்!

மூஸா (அலை) அவர்களின் அன்னையைப் பாருங்கள். பச்சைக் குழந்தையை ஆற்றில் விட்ட பின் அவருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று இருபத்தெட்டாம் அத்தியாயம் கூறுகிறது. இறைச்செய்தி பெற்ற பெண்மணியின் உள்ளமே வெறுமையாகலாமென்றால், நம் வீட்டுப் பெண் எம்மாத்திரம்? பிள்ளைப்பேற்றுக்குப் பின் நிஃபாஸ் என்று ஹனஃபிகள் நாற்பது நாள் வரையும், ஷாஃபிகள் அறுபது நாள் வரையும் கணக்கிடுகிறோம். அந்நாட்களில் தொழுகையும் நோன்பும் அவள் மீது இல்லை. படைத்தவன் தன் கடமையையே இறக்கி வைத்த உடம்பின் மீது, விருந்தினர் உபசாரத்தையும் மாமியார் வீட்டுக் குறைகளையும் ஏற்றி வைக்க நமக்கு உரிமை தந்தவர் யார்?

“மருந்து உண்ணலாமா?” என்று கேட்ட நாட்டுப்புறத்து அரபிகளுக்கு, மருத்துவம் செய்துகொள்ளுங்கள், மருந்தில்லாத நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். துயருற்ற பெண்களுக்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் செய்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துத் துயரில் ஒரு பகுதியைப் போக்கும் என்று அண்ணலார் சொல்லக் கேட்டிருந்தார்கள். துயருக்கும் உடம்புக்கும் உள்ள உறவை அறிந்து கஞ்சி காய்ச்சிய மார்க்கம் இது. இதன் பெயரால் சங்கிலியைத் தூக்குகிறோமே!

“இதெல்லாம் மேல்நாட்டுப் பழக்கம், நம் நன்னிமார் பத்துப் பிள்ளை பெறவில்லையா?” என்பது இன்னொரு வாதம். பால்க் நகரத்து அபூ ஸைத் அல்பல்கீ மேல்நாட்டவரா? 934இல் மறைந்த அப்பேரறிஞர் உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் வரும் துயரம் வேறு என்று அன்றே பிரித்துக் காட்டினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. நம் முன்னோர் கட்டியதை மறந்துவிட்டு, அதைப் பிறருடையது என்று தள்ளுகிறோம்.

நன்னிமார் பெற்றார்கள், உண்மை. ஆனால் அவர்களைச் சுற்றி அத்தைமாரும் மாமிமாரும் நாற்பது நாள் நின்றார்கள். இன்று கணவன் வளைகுடாவில். வீட்டில் இரண்டே அறை. பிள்ளையும் அவளும் தனியே. அந்த நாளிலும் பின்கட்டு அறையில் பூட்டி வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை நன்னிமாரைக் கேட்டால் மெல்லச் சொல்வார்கள்.

பேற்றோடு முடிவதுமில்லை. பிள்ளை இல்லாதவளைச் சுபகாரியத்தில் ஒதுக்குகிறோம். கரு கலைந்தவளை, “அடுத்தது பிறக்கும்” என்று இரண்டே சொல்லில் முடித்து அனுப்புகிறோம். நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையே மாதவிடாய் நிற்கும் பருவத்தில் உறக்கமின்மையும் படபடப்பும் சோர்வும் பலருக்கு வருகின்றன, “பேரன் எடுக்கும் வயதில் என்ன சிணுங்கல்?” என்கிறோம். அப்பருவத்துக்கு அரபியில் நம்பிக்கையிழப்பின் வயது என்றே பொருள்படப் பெயர் வைத்துவிட்டார்கள். அப்பெயரை உண்மையாக்குவது நம் கடமையா? கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும் என்பதை எண்ணிக் காக்கிறோம். அந்நாட்களில் அவள் உண்டாளா, உறங்கினாளா என்று எண்ணியது உண்டா?

“வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரன் வராதே” என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் அதை உண்டாக்கியவர்கள் நாமே. நாம் வைத்த பெயரை நாமே எடுத்தால் அச்சமும் போகும்.

செய்ய வேண்டியவை

தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்ற வழக்கை இங்கே நாம் எழுப்பவில்லை. துஆ வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குஜராத்தின் உனாவாவில் மீரா தாதார் தர்காவிலேயே துஆவோடு தவாவும் சேர்த்து வழங்கும் ஏற்பாடு 2008இல் தொடங்கியது. ஓதுகிறவரும் மருத்துவரும் பகைவராக வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடுக்கிறது. மருத்துவ நிலையத்தில் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்றும் விதிக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிலையத்தில் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்து மருத்துவம் செய்யும் பிரிவே உண்டு. ஆகவே “பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள்” என்று அஞ்சி நோயை மறைக்க வேண்டாம். பால் கொடுக்கும்போது உண்ணத் தக்க மருந்துகளும் இருக்கின்றன, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஆலிம் பெருமக்களே! பிள்ளை பெற்றவளைப் பார்த்து ஓதும்படி உங்களை அழைத்தால், “எத்தனை நாளாக உறங்கவில்லை? மருத்துவரிடம் காட்டினீர்களா?” என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். பிறகு ஓதுங்கள். ஜின் என்ற சொல்லை மட்டும் உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அது நாளை தலாக்குக்குச் சாட்சியாக வரும். ஜமாஅத்துப் பெரியவர்களே! மனநோயைச் சொல்லித் தலாக் கேட்டு வருபவனிடம், மருத்துவம் செய்தாயா என்று கேளாமல் பதிவேட்டைத் திறக்காதீர்கள். கணவன்மார்களே! இரவில் ஒரு முறையேனும் பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளை உறங்க விடுங்கள். வழி தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவிச் சேவையை எந்நேரமும் அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனவே பிரிவு உண்டு.

சென்ற மாதம் அந்தப் பெண் நம்மைத் தேடி வந்தார். தையல் தைத்துத் தன் மகளை ஆளாக்கியிருக்கிறார். அன்று தொட்டிலில் கிடந்த அந்தப் பிள்ளை இன்று தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கிறாளாம். “ஹஜ்ரத், எனக்கு வந்தது என் மகளுக்கும் வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுவே நம்மைக் கூனிக் குறுக வைத்தது.

இது நோய், இதற்கு மருந்து உண்டு, மருத்துவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள் என்றோம். அன்று சபையில் வாய் திறக்காமல் இருந்ததற்கு மன்னிப்பும் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அவர் மன்னித்தாரா என்பது நமக்குத் தெரியாது. அவருடைய மகளுக்கு அந்நோய் வரினும், சூரமங்கலத்தில் எவரும் அதற்கு ஜின் என்று பெயரிடாதிருக்க எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.