மேட்டில் வீடு இருப்பவர்களுக்கான பட்டியல்

ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அரசின் அறிவுரை வந்துவிடுகிறது. வீட்டுக்கு ஓர் அவசரகாலப் பை தயாராக இருக்க வேண்டும். மூன்று நாளுக்குக் குடிநீர், கெடாத உணவு, டார்ச் லைட், உபரி பேட்டரி, முதலுதவிப் பெட்டி, அன்றாடம் சாப்பிடும் மாத்திரை, தீப்பெட்டி, விசில், கயிறு, ஆவணங்கள் நனையாமலிருக்க பிளாஸ்டிக் உறை. இதில் எந்தப் பொருளையும் நான் குறை சொல்லவில்லை. எல்லாம் உயிர் காக்கும் பொருட்கள்தான். ஆனால் இந்தப் பட்டியலை எழுதியவர் எந்த வீட்டை நினைத்து எழுதினார்?

அந்த வீட்டில் உயரமான அலமாரி இருக்கிறது. மாடி இருக்கிறது, இல்லையென்றால் மாடி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிடுவார். மூன்று நாள் உணவை முன்கூட்டியே வாங்கி வைக்கக் கையில் காசு இருக்கிறது. பையைத் தூக்கிக்கொண்டு போனால் ஏற்றுக்கொள்ள ஒரு முகாம் இருக்கிறது. அது ஊர்த் தெரு வீடு. காலனி வீடு அல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடி மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. ஓராண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 செ.மீ.க்கு மேல். தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் உடைந்தன, கோரம்பள்ளம் குளம் உடைந்து நகரத்துக்குள் வெள்ளம் வந்தது. ஏரல் துண்டிக்கப்பட்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் நின்றது. நாடே அந்த ரயிலைப் பார்த்தது. புதுக்குடி மக்கள் அந்தப் பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். மீனவர்கள் கடலில் விடும் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து ஆட்களை மீட்டார்கள். இதையெல்லாம் மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஆனால் இதைக் காட்டியே, "வெள்ளத்துக்குச் சாதி தெரியுமா? இதிலும் சாதியா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்குச் சாதி தெரியாதுதான். அது பள்ளத்தைத் தேடி ஓடுகிறது. அந்தப் பள்ளத்தில் யாரைக் குடிவைத்திருக்கிறோம் என்பதில்தான் சாதி இருக்கிறது. ஆய்வுக்காக நான் நடந்த தாமிரபரணிக் கடைமடை ஊர்களில் திரும்பத் திரும்பக் கண்ட அமைப்பு ஒன்றுதான்: கோயிலும் ஊர்த் தெருவும் மேட்டில், காலனி குளத்துக் கரைக்குக் கீழே, அல்லது மறுகால் தண்ணீர் ஓடும் வழியில். ஊருக்குப் போக ஒரே பாதை. அந்தப் பாதைதான் முதலில் மூழ்கும். உப்பளத்தில் அன்றாடக் கூலிக்குப் போகும் பெண்ணிடம் "பவர் பேங்க் வாங்கி வையுங்கள் அக்கா" என்று எப்படிச் சொல்வது? மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலையே இல்லை. பை வாங்கச் சொல்லும் மாதங்கள்தான் அவர் கடன் வாங்கும் மாதங்கள்.

பையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்த பிளாஸ்டிக் உறை. 2023 வெள்ளத்துக்குப் பிறகு, கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் 6,000 ரூபாயும் மற்ற வட்டங்களில் 1,000 ரூபாயும் ரேஷன் கார்டு அடிப்படையில்தான் கொடுக்கப்பட்டன. ஒரு கூரைக்குக் கீழ் மூன்று குடும்பம், ஒரே கார்டு என்றால் ஒரே நிவாரணம். தனி மனை இல்லாததால் தனி வீடு இல்லை; தனி வீடு இல்லாததால் தனி கார்டு இல்லை. உறைக்குள் வைக்கப் பட்டாவே இல்லாதவர் எதை நனையாமல் காப்பாற்றுவார்?

காகிதத்தின் மதிப்பு நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள கொடியங்குளத்தில் காவல்துறை புகுந்தபோது வீட்டுப் பொருட்கள் மட்டும் நொறுக்கப்படவில்லை. படித்த இளைஞர்களின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் எரிக்கப்பட்டன. தண்ணீரிலும் போகும், தீயிலும் போகும். ஆகவே சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டா, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் நகலெடுத்து வெளியூர் உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். படம் எடுத்து டிஜிலாக்கரிலும் ஏற்றுங்கள். இதை இன்றே செய்யலாம்.

அடுத்தது முகாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலித் மக்கள் நிவாரண முகாம்களிலிருந்து ஒதுக்கப்பட்டதும், குடிநீர்த் தொட்டியைத் தொட விடாமல் தடுக்கப்பட்டதும் அப்போதே பதிவாகியிருக்கின்றன. எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களே தங்களைப் போல இழந்து நின்றவர்களை விரட்டினார்கள். வீடு போனது, படகு போனது, சாதி மட்டும் போகவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 61ஆம் பிரிவு, நிவாரணம் வழங்குவதில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. நல்லது. மீறினால் என்ன தண்டனை? அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. தண்டனை வேண்டுமென்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். பொது இடத்துக்குள் நுழைய விடாமலும் பொதுத் தண்ணீரை எடுக்க விடாமலும் தடுப்பது அதன்படி குற்றம். முகாமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கூடம் பொது இடமில்லாமல் வேறென்ன?

வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு மட்டும் சாதி பார்த்து முதலில் அழைப்பார்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டார்கள். பலர் கையுறைகூட இல்லாமல் சேற்றையும் செத்த கால்நடைகளையும் அள்ளினார்கள். அவரவர் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருக்குமா, அவர்கள் பிள்ளைகள் எங்கே தூங்கினார்கள் என்று யார் கேட்டது? அவர்களுக்கான அவசரகாலப் பை பற்றி எந்த அறிவுரையும் பேசுவதில்லை.

எனவே பை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பையைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கக் கூடாது என்கிறேன். தாழ்வான குடியிருப்புகளின் கணக்கு மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. அங்குள்ள குடும்பங்களுக்கு அக்டோபர் பிறக்கும் முன் ரேஷன் கடை வழியாக இந்தப் பையை இலவசமாகக் கொடுக்கட்டும். பொங்கலுக்குத் தொகுப்பு கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இது பெரிய வேலையல்ல. எந்தக் கட்டடம் முகாம், அதற்குக் காலனியிலிருந்து மூழ்காத பாதை எது, சாவி யாரிடம் என்பதை மழைக்கு முன்பே காலனிச் சுவரில் எழுதட்டும். தடுத்தால் வன்கொடுமை வழக்கு என்பதையும் அதே சுவரில் எழுதட்டும். கையுறையும் பூட்ஸும் தூய்மைப் பணியாளர் கைக்கு வெள்ளத்துக்கு முன் வரட்டும். இவையெல்லாம் ஓரிரு பருவமழைக்கான ஏற்பாடுகள். நிரந்தர ஏற்பாடு ஒன்றுதான்: மேட்டு நிலத்தில் வீட்டுமனைப் பட்டா.

அதுவரை அவலும் பொரிகடலையும் கருப்பட்டியும் கட்டி வையுங்கள். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை நிரப்பி வையுங்கள். 1077, 1070 என்ற எண்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் காலனியிலிருந்து கூட்டமாகப் போய், முகாம் எது என்ற கேள்வியைத் தீர்மானமாக எழுத வையுங்கள். எழுத மறுத்தால் அக்டோபர் 2 கிராம சபையில் மறுபடி கேளுங்கள். மறுத்தவர் பெயரையும் தேதியையும் குறித்து, அந்தத் தாளையும் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள்.